தென்னையில் கட்டிய ஜப்பான் பாட்டு

ஜப்பானில் கோபே நகரத்துக்கு மகள் வீட்டோடு வந்து சேர்ந்த புதிதில், பக்கத்து வீட்டுப் பெண் மிச்சிகோ ஒரு கேக் பெட்டியோடு வாசலில் இடுப்பு வளையக் குனிந்து நின்றாள். நானும் குனிந்தேன். அவள் மறுபடி குனிந்தாள். சாயங்காலம் மகள் வந்துதான் விவரம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மிச்சிகோவின் சிநேகிதிகள் வந்து பாட்டுக் கேட்பார்களாம், சத்தம் வருமாம், அதற்கு முன்கூட்டியே மன்னிப்பாம். பாட்டுக்கு மன்னிப்புக் கேட்கிற ஊரை அன்றுதான் பார்த்தேன். பரமத்தி வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கல்யாண வீடென்றால் விடிவதற்குள் தென்னையில் ரேடியோ செட்டின் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார்கள். வெற்றிலைக் கொடிக்காலைத் தாண்டி அடுத்த ஊருக்கும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால்தான் கோபம். "ஏனுங்க, செட்டுக்கூடக் கட்டாம அப்படியென்ன கல்யாணம்?" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள்.

மகளும் மாப்பிள்ளையும் காலையில் ஜவுளி ஏற்றுமதி ஆபீசுக்குப் போனால் வீட்டில் மனுசக் குரலே இருக்காது. ஐந்தாவது வரை படித்தவள் நான். சொந்த ஊரிலேயே நாலு பேர் முன்னால் பேச வெட்கப்படுவேன். மனுசக் குரல் ஏதாவது கேட்கட்டுமென்று வாசலில் மிச்சிகோ வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். அதைப் பார்த்த அவள் எனக்குப் பாட்டுப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டாள். இல்லையென்று சொல்ல வார்த்தையும் இல்லை, தைரியமும் இல்லை. அவள் கேட்பது, அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பாடுகிற ஒரு ராக் குழுவை என்று மகள் சொன்னாள். ரேடியோவில் போடுவது ஒரு பாட்டு, ரசிகர்கள் கச்சேரியில் கத்திக் கேட்டு வாங்குவது வேறு பாட்டு. அந்த ரசிகர் பாட்டுகளை மட்டும் பொறுக்கி, கேசட்டில் ஒரு பக்கம் பதிந்து கொடுத்தாள். மூன்றாவது பாட்டில் பாடுகிறவன் பாதியில் நிறுத்திவிடுவான்; மீதியைக் கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடும். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

மாப்பிள்ளை கெட்டவரில்லை. ஆனால் ஒருநாள் போனில் யாரிடமோ, "சோத்துக்குப் பிரச்சினையில்லீங்க, ஊர்லிருந்து சமையலுக்கு ஆளக் கூட்டியாந்துட்டனுங்க" என்றார். நான் அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்கே ஊருக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆண்பிள்ளையும் இல்லை. எனக்கென்று இருந்தது பிறந்த வீடு ஒன்றுதான். கடிதம் எழுதினால் மகள் படித்துவிடுவாள். அதனால் கேசட்டைத் திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பக்கத்தில் பேசிப் பதிந்தேன். "அண்ணா, அம்மா இருந்த தெக்கால ரூம எனக்கு உடுங்க. சோறு நானே பொங்கிக்கறேன். இங்க என்னால இருக்க முடியிலீங்ண்ணா." சேலம் போகிற ஆபீஸ்காரர் ஒருவரிடம் கேசட்டைக் கொடுத்தனுப்பினேன்.

அண்ணன் மகளின் கல்யாணம் முடிந்தபின் பதில் வந்தது. "உன் ஜப்பான் பாட்டைத்தான் செட்டில் போட்டோம். ஊரே அசந்துவிட்டது. இன்னும் இருந்தால் அனுப்பு." அறையைப் பற்றி ஒரு வரி இல்லை. மறுபக்கத்தைக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வருசம் லீவில் எல்லோருமாக ஊருக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எங்கோ ஒரு விசேஷ வீட்டில் அந்த மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பான் கூட்டம் கொடிக்கால் மேலே நின்று பாடுகிறாற்போல இருந்தது. வழியில் ரேடியோ செட்டுக்காரர் முருகேசன் என்னை அடையாளம் கண்டு சைக்கிளை நிறுத்தினார்.

"அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. கல்யாணத்தன்னைக்கு ஒரு பக்கம் முடிஞ்சுதுன்னு கேசட்டத் திருப்பி மாட்டிட்டுச் சாப்பிட உக்காந்துட்டனுங்க. அந்தப் பக்கமும் பாட்டுன்னுதான் நெனச்சேன். பாத்தா உங்க குரலு. நாமக்கல் பஸ்ஸுக்கு நின்னவங்க வரைக்கும் கேட்டுச்சுங்க."

"அண்ணன்?"

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களோட பந்தியில இருந்தாருங்க. எச்சக் கையோட ஓடியாந்து ஒயரப் புடுங்கிட்டாரு. இப்ப நான் பாட்டுப் பக்கம் மட்டுந்தாங்க போடறது."

வீட்டில் தெற்கு அறை நிறைய லாரி டயர்களை அடுக்கியிருந்தார்கள். அண்ணன் மகன் லாரி வாங்கியிருந்தான். நான் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "பாட்டு நல்லா இருந்துச்சுங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டேன்.

"அதையேங் கேக்கற அம்மிணி! அந்த மூணாவது பாட்டு இருக்குதே..." என்றார், டயரைப் பார்த்தபடி.

காப்பி கொண்டுவந்த அண்ணன் மனைவி சிரித்தாள். "அடுத்த வாட்டி ரெண்டு பக்கமும் பாட்டாவே புடிச்சுக் கொண்டாங்க அம்மிணி."

காப்பியைக் குடித்தேன். லீவு முடிந்ததும் மகளோடும் மாப்பிள்ளையோடுமே விமானம் ஏறினேன். என்னைப் போல வெளிநாட்டில் இருக்கிற உங்களுக்கும் ஊரில் ஓர் அறை இருப்பதாக நினைப்பு இருக்கும். அதில் இப்போது என்ன அடுக்கியிருக்கிறார்களோ.

இங்கே மிச்சிகோ இன்னமும் கேக் பெட்டியோடு வந்து குனிகிறாள். நான் கெஞ்சியதை ஊரே கேட்டதற்கு, பிறந்த வீட்டில் யாரும் மன்னிப்பென்று என்னிடம் குனியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவருக்கு அந்தப்புறம் மூன்றாவது பாட்டு வரும்; பாடுகிறவன் நிறுத்துவான், கூட்டம் பாடும். பக்கம் முடிந்து, அவள் கேசட்டை எடுத்துத் திருப்பி மாட்டும் சத்தம் கேட்கும். அடுத்த பாட்டு தொடங்குகிற வரைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இப்போது என் குரல் வந்துவிடுமோ என்று.