ரிம்மில் பூசிய ஜெப எண்ணெய்

அன்பானவர்களே, சாட்சி சொல்ல எல்லோரும் சந்தோஷமாக வருவார்கள். நான் கோபத்தோடு வந்திருக்கிறேன். என் ஜெபமும் கோபத்தில் செய்ததுதான்.

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஏற்காடு மலைப்பாதையில் விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஒரு தொழில்முறை சைக்கிள் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. அண்ணன் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். சைக்கிளை ஜீப்பில் ஏற்றி அடிவாரத்துக்குக் கொண்டுவந்தார். ஏறும்போது நான்தான் முதல். இறங்கும்போது முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பிரேக்கை இறுக்கினேன். பிடிக்கவே இல்லை. சுவரில் மோதி ரோட்டில் கிடந்தேன்.

அணி மேனேஜர் வந்து பார்த்தார். "ஏறத் தெரியுது, இறங்கத் தெரியலை. வேண்டாம்" என்றார். எங்கள் மலையூர் மஞ்சக்குட்டையின் பனியில் வருஷக்கணக்காக மிதித்ததெல்லாம் அந்த ஒரு பேச்சில் போயிற்று.

சபையார் ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்தார்கள். ஆறுதலா அது? வெந்த புண்ணில் வேல்! பெண்கள் ஜெபக்குழுத் தலைவி கிரேஸ் ஆன்ட்டி என் கட்டிலருகே நின்று, "ஞாயித்துக்கெழம ஆராதனைய உட்டுப்போட்டு அரை டவுசரோட போனா இப்படித்தான் கண்ணு. ஆண்டவர் அடிச்சுத் திருத்தறாரு" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அம்மா அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் சைக்கிளைத் துடைக்கப் போன அண்ணன் என்னிடம் வந்து விரலைக் காட்டினார். எண்ணெய்! என் சைக்கிளில் பிரேக் கட்டை சக்கரத்தின் ரிம்மைத்தான் பிடிக்கும். அந்த ரிம் முழுக்க எண்ணெய். தேர்வுக்கு முந்தைய நாள் கிரேஸ் ஆன்ட்டி வந்து சைக்கிள்மேல் கைவைத்து ஜெபித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஹேண்டிலில் ஜெப எண்ணெயால் சிலுவை போட்டதை மட்டும்தான் நான் பார்த்தேன். நான் காபி போட உள்ளே போன நேரத்தில் இரண்டு சக்கரங்களுக்கும் ஆசீர்வாதம் கொடுத்திருக்கிறார்!

அண்ணன் ஆன்ட்டியிடம் போய்க் கேட்டார். "ஆண்டவரோட எண்ணெய் புள்ளைய வழுக்கி உடுமா? பேசற பேச்சப் பாரு!" என்று கதவைச் சாத்திவிட்டார். மேனேஜருக்குப் போன் செய்தேன். "விழறவங்க எல்லாரும் பிரேக்கைத்தாம்மா சொல்வாங்க" என்று வைத்துவிட்டார்.

அன்று நான் முழங்கால் போடவில்லை. உட்கார்ந்தபடியே கத்தினேன். "ஆண்டவரே, நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்! உம்முடைய பேரைச் சொல்லிப் பூசினாங்க, பழி மட்டும் எனக்கா? பூசினவங்க வாயாலேயே சொல்ல வையும். இல்லாவிட்டால் என்னை ஜெபிக்கச் சொல்லாதேயும்!" ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் கிரேஸ் ஆன்ட்டி எங்கள் வாசலில் வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது. "வாயத் தொறந்தா ஜெபமே வரமாட்டேங்குது கண்ணு. உன் மொகந்தான் வருது. அந்த மேனேசர் எங்க தங்கியிருக்காருன்னு சொல்லு சாமி."

அண்ணன்தான் அவரை ஜீப்பில் ஏற்றி, ஒண்டிக்கடைப் பக்கம் அணியினர் இன்னும் பயிற்சிக்காகத் தங்கியிருந்த லாட்ஜுக்குக் கூட்டிப்போனார். அங்கே எல்லார் முன்பும் சொன்னாராம்: "ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு எறங்கத் தெரியாம இல்லீங்க. நாந்தானுங்க சக்கரத்துல எண்ணெயப் பூசிப்போட்டேன். நொம்பத் தப்புங்க. புள்ளைக்கு இன்னொரு வாட்டி ஓட்டிக்காட்ட எடங் குடுங்க."

மேனேஜர் முதலில் சிரித்தாராம். பிறகு சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லி, அண்ணன் துடைக்காமல் வைத்திருந்த ரிம்மைத் தானே தடவிப் பார்த்தாராம். விரலெல்லாம் எண்ணெய். எலும்பு கூடியதும் வரச் சொன்னார்.

மார்ச்சில் அதே வளைவுகளில் இறங்கிக் காட்டினேன். அந்த அணியில் இது என் முதல் வருஷம். தேவனுக்கு நன்றி, மனதார நன்றி.

ஆனால் அன்று தலையாட்டிய மற்றவர்கள் ஒருவர்கூட இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது. அதையும் தினமும் அவரிடமே கொண்டுபோகிறேன். உங்கள்மேல் அநியாயப் பழி விழுந்திருந்தால், நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே போய்க் கேளுங்கள். என் பரம தகப்பன் என்னை ஒரு நாளும் "சத்தம் போடாதே" என்று சொன்னதில்லை.