நாற்பத்தெட்டு பாட்டில்கள்

எல்ஸ்பெகெ ஊரில் இருக்கும் எங்கள் பீர் ஆலைக்குப் பாட்டில் கழுவ வந்தபோது நொயெல்லாவுக்கு இருபத்துநான்கு வயது. நான் அதற்கு இரண்டு வருடம் முன்பே பீப்பாய் உருட்டும் வேலையில் சேர்ந்திருந்தேன். மற்ற பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டும் புருஷன்களைத் திட்டிக்கொண்டும் கழுவுவார்கள். இவள் பேசமாட்டாள். கழுவ வரும் ஒவ்வொரு காலி பாட்டிலையும் ஒருமுறை மோந்து பார்ப்பாள்.

முதலாளி அக்கீல் கிழவர் அதைக் கவனித்துவிட்டார். ஒரு நாள் பீப்பாய்க் கூடத்திலிருந்து கத்தினார்.

"ஏ பொண்ணு! தினமும் பாட்டிலை மோந்து மோந்து பாக்கிறியே, அதுல என்ன தெரியுது?"

"போன வாரம் வந்ததெல்லாம் ஒரே பீப்பாய். நேத்து வந்தது வேற. அதுல ஈர வைக்கோல் வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

கிழவர் அவள் கையில் ஒரு குவளையைக் கொடுத்தார். அன்று முதல் பாட்டில் கழுவுவது பாதி நாள்தான். மீதி நாள் அவர் பின்னால் குவளையுடன் நடந்தாள். எங்கள் பீர் புளிப்பு பீர். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் மரப் பீப்பாயில் கிடந்ததையெல்லாம் சேர்த்துக் கலந்தால்தான் அது பீர். எதோடு எதை, எவ்வளவு என்பதில் இருக்கிறது எல்லாம். கடைசிப் பத்து வருடம் கலவையை முடிவு செய்தது நொயெல்லாவின் நாக்குதான் என்று ஆலையில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் அக்கீல் பெயர் இருக்கும். அவள் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

கிழவர் ஒரு மார்ச் மாதம் செத்துப்போனார். அந்தக் குளிர்காலத்தில்தான் தன் கடைசிக் கலவையைப் போட்டிருந்தார், வெறும் நாற்பத்தெட்டு பாட்டில். மே மாதம் மகன் டீடெரிக் நிலவறையை எண்ணிப் பார்த்தபோது அந்த நாற்பத்தெட்டையும் காணோம்.

முற்றத்தில் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டுதான் கேட்டான்.

"நொயெல்லா, நிலவறைக்குச் சாவி ரெண்டே ரெண்டு. அப்பாவோடது என் கையில இருக்கு. இன்னொண்ணு உங்ககிட்ட."

"அதனால?"

"அதனால ஒண்ணும் இல்ல. போலீசெல்லாம் வேண்டாம். அப்பா உங்க மேல வச்ச மரியாதைக்காக விட்டுடறேன். நாளைலேர்ந்து வர வேண்டாம், அவ்வளவுதான்."

"போலீசைக் கூப்பிடு டீடெரிக். வீட்டுக்கு வந்து தேடட்டும். இப்பவே கூப்பிடு."

"பெருந்தன்மையா விடறேன்னு சொல்றேன். இதைப் பெருசாக்காதீங்க."

நொயெல்லா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரப்பர் குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போலீஸ் வந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். விசாரணை என்று ஒன்று இருந்தால்தானே குற்றம் இல்லை என்று ஒரு நாள் முடியும்? டீடெரிக்கின் பெருந்தன்மை அவளை ஒன்பது வருடம் திருடியாக வைத்திருந்தது. ரொட்டிக் கடையில் அவள் நுழைந்தால் கடைக்காரி கல்லாவை விட்டு நகரமாட்டாள். கஃபேயில் யாராவது பாட்டிலைத் தேடினால், "நொயெல்லா வீட்ல பாத்தியா?" என்று ஒரு குரல் வரும், எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

அவள் புருஷன் மோரிட்ஸ் நல்ல மனிதன். தரைக்குக் கல் பதிக்கிறவன். ஒரு வாரம் அவளோடு சேர்ந்து டீடெரிக்கைத் திட்டினான். எட்டாம் நாள் சாப்பாட்டு மேஜையில் குரலைத் தாழ்த்திக் கேட்டானாம்:

"சரி, எனக்கு மட்டும் சொல்லு. எங்க வச்சிருக்க?"

நொயெல்லா தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் பழைய அறைக்குப் போனாள். ஏழு வருடம் கழித்து மோரிட்ஸ் நுரையீரலில் சளி கட்டிச் சாகும்வரை அவனுக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள், மருந்து கொடுத்தாள். தலையணை மட்டும் திரும்பி வரவில்லை. இதை அவள் மகள் கிரீட் என் தங்கையிடம் சொன்னாள்.

ஹாலெ நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒவ்வொரு மே மாதமும், அந்தத் தேதியில், டீடெரிக்குக்கு ஒரு அஞ்சலட்டை வரும். கடற்கரைப் படம், பூனைப் படம், ஏதாவது. பின்னால் ஒரே சொல்: நாற்பத்தெட்டு. முதல் வருடம் எங்களிடம் காட்டிச் சிரித்தான். நாலாவது வருடத்திலிருந்து காட்டுவதை நிறுத்திவிட்டான்.

போன ஜனவரியில் புதுத் தொட்டி வைக்க நிலவறையின் கடைசிச் சுவரை இடித்தோம். கடப்பாரை போட்டவன் நான். அது ஒற்றைச் செங்கல் சுவர், அவசரமாகக் கட்டியது. பின்னால் ஒரு குழி. அதில் பாட்டில்கள் படுத்திருந்தன. எங்கள் பாட்டிலுக்குச் சீட்டு ஒட்டுவதற்கு முன் படுக்கவைத்ததில் மேல்பக்கம் எது என்று தெரிய சுண்ணாம்பில் ஒரு கோடு இழுப்போம். இந்தப் பாட்டில்களில் கோடு இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஆலையில் இடது கையால் கோடு இழுத்தவள் ஒருத்திதான். எண்ணிப் பார்த்தேன். எண்ணாமலே தெரியும்.

கிழவர் தானே கட்டி மூடியிருக்கிறார். பேத்தி கல்யாணத்துக்கோ, எதற்கோ. யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

டீடெரிக்கை அழைத்து வந்து காட்டினேன். நெடுநேரம் குனிந்து பார்த்தான்.

"முதலாளி, இது அந்த நாற்பத்தெட்டு."

"தெரியுது."

"நொயெல்லாகிட்ட—"

"நான் பாத்துக்கறேன் ஃபிர்மின். நீ யார்கிட்டயும் பேசாதே."

அவன் பார்த்துக்கொண்ட விதம் மார்ச் மாதம் தெரிந்தது. இணையத்தில் அறிவிப்பு வந்தது: அக்கீலின் தொலைந்துபோன கடைசிக் கலவை, சுவருக்குப் பின்னால் கண்டெடுக்கப்பட்டது, சுவைத்துப் பார்க்க அறுபது பேருக்கு மட்டும் சீட்டு. மே மாதம் முதல் கூட்டம், அப்புறம் இன்னும் இரண்டு. முதல் கூட்டத்துச் சீட்டு நாலு நிமிடத்தில் தீர்ந்தது. அறிவிப்பில் பாட்டில்களின் படம் இருந்தது, சாய்ந்த சுண்ணாம்புக் கோட்டோடு. அதில் ஒரு சீட்டை வாங்கியவள் கிரீட்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. வாசலில் சீட்டுப் பார்த்துக் கையில் பட்டை கட்டும் வேலை எனக்கு. ஜப்பான், அமெரிக்கா, இத்தாலி என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். டோர்பென் என்கிற டென்மார்க்காரன், ஒன்பது மணி நேரம் கார் ஓட்டி வந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். வரிசையின் கடைசியில் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு நொயெல்லா.

"நொயெல்லா... நீயா..."

"சீட்டு இருக்கு. பாத்துக்கோ."

"கிரீட்டுன்னு போட்டிருக்கு."

"அப்போ என்னை கிரீட்டுன்னு கூப்பிடு. பட்டையைக் கட்டு. இறுக்கிக் கட்டாதே, கைதி மாதிரி இருக்கு."

பீப்பாய்க் கூடத்தில் நீள மேஜைகள். வெள்ளைப் பாலாடைக்கட்டி தடவி முள்ளங்கி வைத்த ரொட்டி தட்டில் இருந்தது. டீடெரிக் ஆங்கிலத்தில் கதை சொன்னான்: அப்பாவின் கடைசிக் குளிர்காலம், ரகசியச் சுவர், பிள்ளையின் கண்ணீர். நான் ஒரு பக்கம் பாட்டிலைக் கூடையில் சாய்த்து, அடி வண்டல் கலங்காமல் ஊற்றிக்கொண்டே வந்தேன். எல்லோருக்கும் ஊற்றி முடியும்வரை யாரும் குடிக்கக் கூடாது என்று ஏற்பாடு.

"மொத்தம் எத்தனை பாட்டில் கிடைச்சுது?" என்று டோர்பென் கேட்டான்.

"நாற்பத்தெட்டு," என்றான் டீடெரிக்.

நொயெல்லா எழுந்தாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். வேலையை விட்டு நிறுத்தியபோது டீடெரிக் அனுப்பிய கடிதம். பள்ளிக்கூட ஆங்கிலத்தில், தடுக்கித் தடுக்கி, ஆனால் உரக்கப் படித்தாள்.

"நிலவறையிலிருந்து நாற்பத்தெட்டு பாட்டில்கள் காணாமல் போன காரணத்தால்." மடித்தாள். "நான்தான் அந்தத் திருடி. ஒன்பது வருஷமா."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். டீடெரிக்கின் காது சிவந்தது. இதோ முடிந்தான் என்று நினைத்தேன். அப்போது டோர்பென் கைதட்டினான்.

"அடேயப்பா! தொலைஞ்ச பீர், திருட்டுப் பழி, இப்போ அவங்களே நேர்ல! இப்படி ஒரு பாட்டில் உலகத்துலயே கிடையாது!" கைபேசியைத் தூக்கி அவளைப் படம் பிடித்தான். இன்னும் நாலு பேர் பிடித்தார்கள். ஒருத்தன் காலிப் பாட்டிலில் அவள் கையெழுத்து கிடைக்குமா என்று கேட்டான்.

டோர்பென் வீசிய அந்தக் கயிற்றை டீடெரிக் பிடித்துக்கொண்டான். அவளருகே வந்து தோளில் கை போட்டான்.

"பெரிய தப்பு நடந்துபோச்சு. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். நண்பர்களே, இந்தக் கலவையே இவங்க நாக்குல பிறந்ததுதான். இந்தப் பள்ளத்தாக்குல இவங்க நாக்குக்கு மிஞ்சின நாக்கு கிடையாது, அப்பாவே சொல்வார். நொயெல்லா, முதல் வாய் நீங்க குடிச்சுச் சொல்லுங்க."

அவள் ஆலையில் இருந்த இருபத்தேழு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாததை அன்று சொன்னான். மறுபடியும் கைதட்டல். ஒன்பது வருடம் அவள் பல்லைக் கடித்துச் சுமந்தது, அவன் கதைக்கு நல்ல முடிவாகிவிட்டது.

நொயெல்லா தோளிலிருந்த கையை, பூச்சியை எடுப்பதுபோல் எடுத்துக் கீழே விட்டாள். குவளையை மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். வெகு நேரம் மோந்தாள். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினாள். பிறகு மேஜைக்குக் கீழே இருந்த வாளியில் துப்பினாள்.

"வினிகர்," என்றாள்.

"என்ன?"

"அக்கீல் இதை ஏன் சுவத்துக்குப் பின்னாடி வச்சு மூடினார்னு இப்பத்தான் தெரியுது. வெட்கமா இருந்திருக்கும். மூணாவது பீப்பாயில காத்து புகுந்திருக்கு. சாலட்ல ஊத்திக்கோங்க."

டீடெரிக் ஒரு மடக்குக் குடித்தான். அவனுக்கு நாக்கு கிடையாது. அவனுக்கும் அது தெரியும். குவளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கடைசியில் என்னிடம் ஓடி வந்தான்.

"ஃபிர்மின், நீ சொல்லு. நல்லாத்தானே இருக்கு? குடிச்சுட்டுச் சொல்லு."

குடித்தேன். கடவுளே. காய்ந்த புல், பச்சை ஆப்பிள், பழைய மரம். கடைசியில் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு கூர்மை, அது தொண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றது. முப்பத்தெட்டு வருடத்தில் இந்த ஆலையில் நான் குடித்த எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. நிமிர்ந்தபோது நொயெல்லா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் அன்று பார்த்த அதே பார்வை.

"வினிகர்தான் முதலாளி," என்றேன்.

அதற்கப்புறம் அறுபது பேரும் குடித்தார்கள். முகம் சுளித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். டோர்பென் முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது என்றான். சாயங்காலத்துக்குள் அவன் அதை எழுதியும் விட்டான். ஒரு ஜப்பானிய அம்மாள் மட்டும் குவளையைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். இன்னொரு குவளை ஊற்றினேன். அவர் எதுவும் எழுதவில்லை.

நொயெல்லாவை வாசலில் எட்டிப் பிடித்தேன்.

"நல்லாத்தான இருந்துச்சு?"

"கிழவன் போட்டதுலயே அதுதான் நல்லது."

"பாவம் அக்கீல். அவர் கடைசிப் பீரு. அவர் உனக்கு என்ன பண்ணினார்?"

"வாய் இருந்துச்சுல்ல அவருக்கு? மூடி வச்சதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" கையிலிருந்த பட்டையை அறுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "நீயும் ஒரு பொய் சொல்லிட்டே, நமக்குள்ள சரியாப்போச்சுன்னு நினைக்காதே ஃபிர்மின்."

அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் ஆள் சேரவில்லை. மீதிப் பாட்டில்களை டீடெரிக் திறக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. யார் வந்து நல்லது என்று சொன்னாலும் இனி அவன் நம்பப்போவதில்லை. அந்த மே மாதம் அஞ்சலட்டையும் வரவில்லை. அது வராதது அவனுக்கு இன்னும் தொந்தரவாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஊர் அவளிடம் வரத்தான் செய்தது. ரொட்டிக் கடைக்காரி ஒரு பிளம்ஸ் பணியாரத்தோடு கதவைத் தட்டினாள். நொயெல்லா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். கடைக்காரி தெருமுனை திரும்புவதற்குள் கோழிகளுக்குப் பிய்த்துப் போட்டாள், அவள் பார்க்கும்படி. மோரிட்ஸ் கல்லறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாயா என்று கிரீட் கேட்டிருக்கிறாள்.

"எதுக்கு? கேள்வி கேட்ட அன்னைக்கே அவனுக்குப் பதில் சொல்லியாச்சு."

இலையுதிர்காலத்தில் பக்கத்து ஊரில் புதிதாகப் பீப்பாய் போட்ட ஒரு இளம் தம்பதி அவளைத் தேடி வந்தார்கள். வாரம் இரண்டு நாள் வந்து சுவைத்துச் சொன்னால் போதும் என்றார்கள். போனாள். முதல் நாளே அவர்களுடைய பீப்பாய்களில் மூன்றைக் கொட்டிவிடச் சொன்னாளாம். அவர்கள் மறுபேச்சில்லாமல் சாக்கடையில் திறந்து விட்டார்கள்.

அந்த மூன்றும் நிஜமாகவே கெட்டிருந்தனவா என்று நான் அவளிடம் கேட்கவில்லை.