அம்மா பேருக்கு ஓர் உயில்

எங்கள் தெருக்கோடியில் தையல் மிஷின் வைத்திருந்த அக்கா போன வருஷம் இறந்துபோனார். என்னைப் போலவே புருஷனை இழந்தவர், பிள்ளை இல்லை. துணி தைத்தே ஒரு வீடு கட்டி, அதில் தன் தங்கையைக் கூட வைத்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்த கையோடு, இத்தனை காலம் எட்டிக்கூடப் பார்க்காத புருஷன் வீட்டு ஆட்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வீடு எங்களுக்குத்தான் என்றார்கள். தெருவோடு சேர்ந்து நானும் கத்தினேன். நியாயம் எங்கள் பக்கம் இருந்திருக்கலாம், சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. தங்கைக்காரி துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்தப் பயம். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. முள்ளிப்பட்டுத் தறிக்காரர்களிடம் பட்டுச்சேலை வாங்கி, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறவள் நான். மஞ்சள் கேட்டவர்களுக்குப் பச்சையை அனுப்பிவிட்டு, அவர்கள் திருப்பிக் கேட்டால் அவர்கள்மேலேயே எரிந்து விழுந்தேன்.

என் கதையும் அந்த அக்கா கதைதான். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே புருஷன் போய்விட்டார். கொழுந்தன்கள் இரண்டு பேரும், ராசி இல்லாதவள் என்று கட்டிய துணியோடு அனுப்பினார்கள். இதே ஊரில் பவர்லூம் வைத்து நன்றாகத்தான் இருக்கிறார்கள். பஜாரில் எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து எனக்கு அம்மா, அம்மாவுக்கு நான். சேலை விற்றுத்தான் வேலூர் ரோட்டுப் பக்கம் வீடு வாங்கினேன். பத்திரம் என் பேரில் இருக்கிறது. அதனால் நமக்கு என்ன பயம் என்று அதுவரை இருந்துவிட்டேன்.

மனசு கேட்காமல் ஒரு நாள் வக்கீலைப் பார்க்கப் போனேன்.

"பசங்க இருக்காங்களாங்க?" என்றார்.

"இல்லைங்க."

"உயில் எழுதாம நீங்க போயிட்டா, வீடு முதல்ல உங்க வீட்டுக்காரரோட வாரிசுங்களுக்குத்தாங்க போகும். மாமனார் மாமியார் இல்லைன்னா அவர் தம்பிங்களுக்கு. உங்க அம்மாவெல்லாம் அவங்களுக்கு அப்புறம்."

"நான் சம்பாதிச்சு வாங்கினதுங்க."

"நீங்க சம்பாதிச்சதுதாங்க. இருந்தாலும் அப்படித்தான்."

கரண்ட் எப்போது போகும் என்று சொல்வதுபோல அவர் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னை வெளியே தள்ளியவர்களுக்கு என் வீடு. அதைவிட, அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பதும், கொழுந்தன் உள்ளே நடந்து போவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்கு பி.பி. உண்டு. லாரிகள் ஓடுகிற ரோட்டில் தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறவள் வேறு. இன்றைக்கே எழுதுங்கள், எல்லாம் அம்மா பேருக்கு என்றேன்.

"இவ்ளோ ஜல்தி வேணாம்மா. அம்மாவுக்கு என்ன வயசு?"

"எண்பது ஆகப் போகுதுங்க."

"வழக்கமா அம்மாதான் பொண்ணுக்கு எழுதுவாங்க," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஒருவேளை அவங்க முதல்ல போயிட்டா? அவங்களுக்கு அப்புறம் யாருக்குன்னு ஒரு பேர் போடணும். இல்லைன்னா திரும்பவும் உங்க கொழுந்தன்களுக்கே போயிடும்," என்றார்.

எனக்குப் பேர் வரவில்லை. சேலை வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள் என்று போன் முழுக்க ஆட்கள்தான். அதில் ஒருவர் பேரைக்கூட அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். யாரைக் கேட்பது? வீட்டில் இருப்பது அம்மா மட்டும்தான்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள்.

"வாயைக் கழுவுடீ! பெத்தவ நான் உயிரோட இருக்கறப்ப உனக்கு என்னா உயிலு?"

"நாளைக்கு அவனுங்க வந்து பூட்டு போடுவானுங்கம்மா."

"போட்டுக்கினு போகட்டும். நீ இல்லாத வீட்ல எனக்கு என்னாத்துக்கு செவுரு?"

எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள்தான் பேசின. நான் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அம்மாவுக்குக் காது கேட்காமல் போய்விடும். அடுத்த அறையில் டிவியில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது மட்டும் நன்றாகக் கேட்கும். வக்கீல் ஆபீஸிலிருந்து போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். இவளுக்காகத்தானே அலைகிறேன், ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

போன வாரம் ஒரு மத்தியானம், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சண்டை போடத் தெம்பு இல்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா. வண்டில போறப்பெல்லாம் உன் ஞாபகம்தான் வருது. உனக்காக வேணாம், எனக்காக ஒத்துக்கோ," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அம்மா கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டாள். "சரி, எழுதித் தொலை. இதுக்குப் போய் ஏன் இப்படி பேஜார் பண்ற?" என்றாள்.

அவள் இறங்கி வந்த நேரத்தை விடக்கூடாது என்று அடுத்ததையும் கேட்டுவிட்டேன். "உனக்கு அப்புறம் யார் பேரைப் போடறதுன்னு வக்கீல் கேக்கறாரும்மா."

முறத்தைத் தூக்கி அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கோபப்படவே இல்லை.

"நானும் அந்த ஆளைத்தான் தேடிகினு இருக்கேன்," என்றாள்.

"வீட்டுக்கா?"

"வீடு என்னுதா? எனக்குன்னு இருக்கற சொத்து நீ ஒருத்திதான். எனக்கு அப்புறம் உன்னை யார் பார்த்துப்பாங்கன்னு கேட்டுகினு இருக்கேன். கண்ணமங்கலத்துல உன் பெரியப்பா பையனைக் கேட்டேன். மாடில குடியிருக்கற டீச்சரம்மாவையும் கேட்டேன். கோயில்ல பழக்கமானவங்களைக்கூட விடலை."

ஐம்பது தாண்டியவளை, ஊர் முழுக்கப் பேரம் பேசி வியாபாரம் செய்கிறவளை, இவள் வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"எல்லாரும் என்னம்மா சொன்னாங்க?"

"பார்க்கலாம்னாங்க." அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள். "யாரும் வாயைத் திறந்து சரின்னு சொல்லலை. அதான் நான் இன்னும் போகாம இருக்கேன்."