பார்டர் தாண்டட்டும், அப்புறம் மாலை!

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை செல்விக்குக் கல்யாணம். இந்த வயசிலா என்று கேட்காதீர்கள்... அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது, இது இரண்டாவது கல்யாணம், எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

ஹால் புக் செய்தது இங்கே திருவனந்தபுரத்தில், கரமனையில். கல்யாணம் நடந்ததோ மார்த்தாண்டத்தில். நடுவில் என்ன ஆச்சு? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மாப்பிள்ளை இளங்கோ நாகர்கோவில்காரர். இங்கே ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. அவர் வீட்டில் ஐயர் கிடையாது, ஹோமம் கிடையாது. சொந்தக்காரர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டால் கல்யாணம் முடிந்தது. அவருடைய அப்பா அம்மாவும் அப்படித்தான். செல்விக்கும் இது பிடித்துப்போனது. "மந்திரம் எல்லாம் ஒரு தடவை கேட்டாச்சுக்கா, போதும்" என்றாள்.

முதல் கல்யாணத்தில் மந்திரத்துக்குக் குறைவில்லை. ஒரு சின்னக் கோயிலில் நடந்தது, யாரும் ரெஜிஸ்டர் செய்யவில்லை. பிரச்சினை வந்தபோது அந்த மனிதர் கோர்ட்டில் கூசாமல் சொன்னார் – அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை என்று! விவாகரத்து வாங்குவதற்காக, முதலில் கல்யாணம் நடந்ததை நிரூபிக்க வேண்டிய நிலைமை. வருஷக்கணக்கில் அலைந்தாள் என் தங்கை. அந்த வருஷங்களில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதனால் இந்த முறை அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. நாளைக்கு ஒருத்தரும் வாயைத் திறந்து 'இது கல்யாணமே இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நானும் செல்வியும் இளங்கோவும் பிந்து வக்கீலுக்குப் பத்திரிகை கொடுக்கப் போனோம். செல்வியின் பழைய கேஸை நடத்தியவர். மலையாளி, எங்களுக்காகத் தமிழ் பேசுவார். பத்திரிகையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சேச்சி, பூஜாரி ஒண்ணும் இல்லையா? மாலை மாத்திரமா?"

"ஆமா. அதான் சட்டத்துலயே இருக்கே?" என்றேன் நான்.

"இருக்கு. பக்ஷே அது தமிழ்நாட்டுல உள்ள திருத்தமல்லே? அங்க மாலை மாத்தினா மதி, அது போதும். இங்க, ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டு வழக்கப்படியாவது சடங்கு வேணும்னு கோர்ட்டு கேட்கும். ரெஜிஸ்டர் பண்ணினா மாத்திரம் போதாது."

இளங்கோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்டு வழக்கமே இதுதான மேடம்? தாத்தா காலத்துல இருந்து இப்படித்தான்."

"அப்படி வாதிக்கலாம். ஜெயிக்கவும் செய்யலாம்" என்றார் பிந்து.

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. "வாதாடணுமா? அப்ப வேண்டாம்" என்றாள்.

ஸ்பெஷல் மேரேஜ் ஆக்டில் போகலாம் என்றால் நோட்டீஸ் ஒட்டி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் இளங்கோவின் அக்கா அதற்குள் திரும்பிவிடுவார். ஐயரைக் கூப்பிடவும் மனசில்லை. என்ன செய்வது?

எங்களை மாதிரி ஆட்கள்தான் இப்படி ஏமாறுவோம். காலையில் நாகர்கோவில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே திரும்பிவிடுகிறோம். இரண்டு பக்கமும் சொந்தம். நடுவில் ஒரு பார்டர் இருக்கிறது என்பதே மறந்துபோகிறது. சட்டத்துக்கு மறக்குமா? மாமன் மகளைக் கட்டுவது நமக்கு முறை; அமெரிக்காவில் சில மாநிலங்களில் அது செல்லாது. இங்கே நடுநடுங்க வைத்த அதே மாலை, கொஞ்ச தூரம் தெற்கே போனால் சட்டம்!

"அப்ப தெக்கே போயிருவோம்" என்றார் இளங்கோ. "அங்க செல்லுபடியானா இங்கயும் செல்லும்தான மேடம்?"

"பின்னே!" என்றார் பிந்து.

அன்றே மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன ஹால் கிடைத்தது. கரமனை ஹால்காரர் அட்வான்ஸ் திரும்பக் கிடையாது என்று கைவிரித்தார், போகட்டும். சமையல் மட்டும் மாறவில்லை. அவியலும் பாயசமும் வேனில் முன்னால் போக, நாங்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் பின்னால்.

பார்டருக்கு இந்தப் பக்கம், பாறசாலையில் டிராஃபிக். பஸ் நகரவே இல்லை. ராஜம் அத்தை வாட்சைப் பார்த்துப் பார்த்துத் தவித்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு நல்ல நேரம் முக்கியமில்லை, எங்கள் அத்தைக்கு முக்கியம்.

"ஏட்டி செல்வி, நல்ல நேரம் போகுதுல்லா? பொண்ணும் இருக்கா, மாப்பிள்ளையும் இருக்காரு, மாலையும் இருக்கு. இங்கனயே மாத்திரலாமே?"

பஸ்ஸே கைதட்டியது. இளங்கோவின் அக்கா மொபைலை எடுத்து வீடியோவுக்குத் தயாராகிவிட்டார். செல்வி மட்டும் இரண்டு மாலைகளையும் மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"பார்டர் தாண்டட்டும் அத்தை. அதுவரை யாரும் தொடக் கூடாது!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் ஜன்னல் வழியே பார்டரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

களியக்காவிளை தாண்டியதும் தமிழ் போர்டுகள் வந்தன. மார்த்தாண்டம் ஹாலில் அத்தனை பேர் முன்னால் மாலை மாற்றினார்கள். இளங்கோ தாலியும் கட்டினார். அத்தை அழுதாள், நானும் அழுதேன். ரெஜிஸ்டர் வேலைக்கான காகிதங்களிலும் அங்கேயே கையெழுத்துப் போட்டு முடித்தோம்.

செல்வி என் காதோரம் வந்தாள். "அக்கா, இனி யாரும் இல்லன்னு சொல்ல முடியாதுல்லா?"

"எவனாலயும் முடியாது."

அப்பாடா... எத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த கல் அது!

சாயங்காலம் அதே பஸ்ஸில் வீடு திரும்பினோம். செல்வி இளங்கோவின் தோளில் சாய்ந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பார்டர் வந்தது, போனது... அவளுக்குத் தெரியவே தெரியாது.