விளையாட்டுச் சாமான் வாங்கிவந்த குற்றம்

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். தோட்டத் துரையின் மனைவி துரைசானி கொடுத்த இருபது வெள்ளிப் பணத்துக்குப் பட்டியலில் இருந்ததை வாங்காமல் வேறு எதையோ வாங்கி வந்தது ஏன் என்று அரைப் பக்கம் எழுதித் தர வேண்டுமாம். வருகிற சனிக்கிழமை அத்தனை சாமானையும் கடைகளில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பட்டியல்படி வாங்கி வர வேண்டுமாம். இல்லையென்றால் ஆயாக் கொட்டகை வேலை வேறு ஆளுக்குப் போய்விடுமாம். அரைப் பக்கம் எனக்குப் போதாது. போன வழி, வந்த வழி, கொடுத்த காசு எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். அவருக்கு விளக்கமாகவும் இருக்கட்டும், மற்றத் தோட்டங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காமார்கள் கோலாலம்பூர் போனால் அவர்களுக்கு உதவியாகவும் இருக்கட்டும்.

எங்கள் ரப்பர் தோட்டம் தெலுக் பங்லிமா காராங் பக்கம். கிள்ளானிலிருந்து பன்னிரண்டு மைல். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர். அதனால் என்னை எல்லோரும் டிரெசரம்மா என்பார்கள். விடியுமுன் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் பெரட்டுக்குப் போகிற தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கொட்டகையில் என்னிடம் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போவார்கள். தவழ்கிறதிலிருந்து நாலு வயது வரை இருபத்தாறு பிள்ளைகள்.

கொட்டகையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதற்குள் போன வருஷம் வந்த மூன்று பொம்மைகள். சாவி பெரிய கிராணியிடம். யாராவது துரைமார் பார்க்க வந்தால் அலமாரி திறக்கும். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து மடியில் பொம்மையை வைப்போம். அவர்கள் போனதும் பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டுவோம். அதற்குப் பிறகு கொட்டகையில் எழும் அழுகையைக் கிராணி கேட்டதில்லை. அவருடைய ஆபீஸ் அரை மைல் தள்ளி இருக்கிறது.

இந்த முறை துரைசானி நல்ல மனதோடுதான் பணம் கொடுத்தார். "பிள்ளைகள் விளையாட" என்று சொல்லித்தான் கொடுத்தார். பட்டியல் போட்டது கிராணி. கண்ணை மூடித் திறக்கும் பொம்மை ஒன்று, சாவி கொடுத்தால் ஓடும் ரயில் ஒன்று, தகரச் சிப்பாய்கள் ஒரு பெட்டி. எல்லாம் அலமாரிக்குப் பொருத்தமான சாமான்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். தனியாகப் போகவில்லை. ருசி பார்க்காமல் குழம்பை இறக்கக்கூடாது என்று மூன்று வயதுச் செல்லம்மாவையும் கூட்டிக்கொண்டேன். பால் வெட்டும் அஞ்சலையின் மகள். நாலு மாதத்துக்கு முன் அஞ்சலையின் கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அதிலிருந்து செல்லம்மா அதிகம் பேசுவதில்லை.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க டிரெசரம்மா. நாலு மனுசங்களப் பாத்தாலாவது வாயத் தொறக்கும்," என்றாள் அஞ்சலை.

காலை ஆறு மணிக்கு ரோட்டில் மோட்டார் பஸ். கிள்ளானுக்கு இருபத்தைந்து காசு, ஐம்பது நிமிஷம். ஏழு இருபதுக்கு ரயில். மூன்றாம் வகுப்பு அறுபது காசு, பிள்ளைக்கு அரை டிக்கெட் முப்பது. சிலர் வயதைக் குறைத்துச் சொல்லச் சொல்வார்கள். நான் சொல்லவில்லை. எட்டரைக்குக் கோலாலம்பூர் ஸ்டேஷன். அங்கிருந்து பத்து ரோடு என்கிற கடைத்தெருவுக்கு ரிக்ஷா இருபது காசு. முப்பது கேட்பான், கொடுக்காதீர்கள்.

கிராணி எழுதிக் கொடுத்த கடை வெள்ளைக்காரர்கள் போகும் பெரிய கடை. பெயர் வேண்டாம். ஒன்பது மணிக்குத் திறந்தார்கள். சாமான் எடுத்துக் காட்டியவர் டை கட்டிய தமிழர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பொம்மையைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. பட்டு கவுன், சுருட்டை முடி, நீலக் கண். விலை எட்டரை வெள்ளி. அஞ்சலைக்கு இருபத்தொரு நாள் கூலி. ஆனாலும் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் பொம்மையை மேஜைமேல் படுக்க வைத்தார். கண் இரண்டும் மூடிக்கொண்டன.

செல்லம்மா என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "பாப்பா செத்துப் போச்சு," என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே பொம்மையை நிமிர்த்தினார். "இல்ல பாப்பா, இங்க பாரு, முழிச்சிக்கிச்சு." அவள் பார்க்கவில்லை. பார்க்கவே மாட்டேன் என்றாள். எனக்கு வந்த துக்கத்தையும் கோபத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? கிராணி மேலா, பொம்மை மேலா, காய்ச்சல் மேலா? அந்தப் பொம்மையை இருபத்தாறு பிள்ளைகளுக்கு நடுவில் கொண்டுபோய் வைக்க இருந்தவள் நான். பிள்ளையைக் கூட்டிவராமல் இருந்திருந்தால் வைத்தும் இருப்பேன்.

அடுத்தது ரயில். அவர் சாவி கொடுத்தார், அது ஓடியது, நின்றது. மறுபடி கொடுத்தார், ஓடியது, நின்றது. செல்லம்மா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கை நீட்டினாள்.

"தொடக்கூடாது. பெரிய இடத்துப் பிள்ளைங்களுக்கு வந்த சாமான்."

"தொடாம எப்படிங்க வெளையாடுறது?"

"நான் சாவி குடுத்துக் காட்றேன்லம்மா."

"அப்ப வெளையாடுறது நீங்க. எம் புள்ள இல்ல."

தகரச் சிப்பாய் ஒன்றை எடுத்து, விரலை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். சிவப்புச் சாயம் விரலோடு வந்துவிட்டது. இதை வாயில் போடாத பிள்ளை எங்கள் கொட்டகையில் ஒன்றுகூட இல்லை. அவர் முகம் அந்தச் சிப்பாயைவிடச் சிவந்துவிட்டது. பட்டியலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

அங்கிருந்து பெட்டாலிங் தெருவுக்கு நடந்தோம். இருபது நிமிஷம். நடைபாதையில் ஒரு சீனர் கட்டைச் செருப்பு செதுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெட்டிப் போட்ட மரத்துண்டுகள் குவியலாகக் கிடந்தன. செல்லம்மா என் கையை உதறிவிட்டு அந்தக் குவியலில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். விழுந்தது. மறுபடி அடுக்கினாள். நாலு துண்டை வரிசையாக வைத்துத் தள்ளிக்கொண்டே "கூ" என்றாள். சாவியில்லாத ரயில்! சீனர் அதட்ட வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, காலால் இன்னும் கொஞ்சம் துண்டுகளை அவள் பக்கம் தள்ளிவிட்டார். நான் நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும். முக்கால் மணி நேரம் அவள் தலை நிமிரவில்லை. பெரிய கடையில் எந்தச் சாமானும் அவளை ஒரு நிமிஷம் பிடித்து வைக்கவில்லை.

எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், கேட்டேன். பிள்ளை வாய்க்குள் போகாத அளவில், முனை மழுக்கி, சிலாம்பு இல்லாமல் தேய்த்து, அறுபது துண்டு. "போலே, போலே," முடியும் முடியும் என்று தலையாட்டினார். இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். ஒன்றரை வெள்ளி.

அதற்குள் அதே தெருவில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எனாமல் குவளைகள், நாலு கொண்ட அடுக்கு எழுபது காசு வீதம் ஆறு அடுக்கு. நாலு வெள்ளி இருபது காசு. ரப்பர் பந்து நாலு, ஒன்று அறுபது காசு. பந்தைக் கையில் வாங்கியபோது எரிச்சல்தான் வந்தது. அஞ்சலை வெட்டிய பால் கப்பலேறிப் போய், சிவப்புப் பந்தாகத் திரும்பி வந்து, அவள் மகளுக்கு அவளுடைய ஒன்றரை நாள் கூலிக்கு விற்கிறது. எரிச்சலோடுதான் வாங்கினேன். பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

சாப்பாட்டுக்குப் பிரிக்பீல்ட்ஸ் போய்விடுங்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால்தான், பத்து நிமிஷ நடை. சோறும் மீன் குழம்பும் பதினைந்து காசு. அங்கே ரயில்வேக் குடியிருப்பு ஓரம் நம் தச்சர் ஒருவர் நடைவண்டி செய்கிறார். இரண்டு தயாராக இருந்தன. "ஏறி நில்லுங்கம்மா, ஒடையாது," என்றார். ஏறி நின்றேன். உடையவில்லை. இரண்டும் ஐந்தரை வெள்ளி. ஆக மொத்தம் பதின்மூன்று வெள்ளி அறுபது காசு. மிச்சம் ஆறு வெள்ளி நாற்பது காசைக் கிராணி மேஜையில் வைத்துவிட்டேன். வழிச்செலவு என் கைக்காசு.

நாலு பத்துக்கு ரயில். நடைவண்டிகளுக்கு லக்கேஜ் இருபது காசு. செல்லம்மா ஒரு மரத்துண்டை என் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். டிக்கெட் பார்க்க வந்தவர் குரல் கொடுத்ததும், அவள் உதட்டில் விரல் வைத்தாள். "தூங்குது. சத்தம் போடாதீங்க." அன்று காலையிலிருந்து அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துத் துரையும் துரைசானியும் ஒரு விருந்தாளியும் வந்தார்கள். கார் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் எழுந்து வரிசையில் நின்று கைகூப்பிச் "சலாம் தொரை" சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் கொட்டகை வழக்கம். அன்று யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குக் கார் சத்தமே கேட்கவில்லை. ஒரு கூட்டம் குவளையில் மண் அளந்துகொண்டிருந்தது. ஒரு கூட்டம் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தது. கிராணி என் காதருகே பல்லைக் கடித்தார்.

"எந்திரிக்கச் சொல்லும்மா!"

"வெளையாடுதுங்க கிராணியாரே. அதுக்குத்தான காசு குடுத்தாங்க?"

பெற்றவர்கள் தினமும் விடியுமுன் பெரட்டில் நிற்கிறார்கள். பிள்ளைகளும் நிற்க வேண்டுமா? துரைசானி குனிந்து ஒரு குவளையைக் கையில் எடுத்தார். ஒன்றரை வயதுப் பொடியன் அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனான். துரைசானி சிரித்தாரா, முகம் சுளித்தாரா, தொப்பி மறைத்துவிட்டது. சுளித்தார் என்று கிராணி முடிவு கட்டிவிட்டார். மறுநாள் விளக்கம் கேட்டு ஆள் வந்தது.

"எழுதிக் குடுத்துட்டுப் பேசாம இரு," என்கிறார் என் வீட்டுக்காரர். நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

அக்காமார்களே, போகிறவர்கள் பிள்ளையோடு போங்கள். தொட விடாத கடையில் வாங்காதீர்கள். சாயத்தை ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். கீழே போட்டுப் பாருங்கள், உடைகிற சாமான் கடையிலேயே உடையட்டும். தானாக ஆடுகிற சாமானைப் பிள்ளை பார்த்துவிட்டுப் போய்விடும், தான் ஆட்டுகிற சாமானைத்தான் விடாது. விலை உயர்ந்தது ஒன்றைவிட மலிவானது அறுபது மேல், இல்லையென்றால் சண்டைதான். வாங்கி வந்ததைப் பூட்டி வைக்காதீர்கள். யார் சொன்னாலும் வைக்காதீர்கள்.

திருப்பிக் கொடுக்கச் சொன்னாரே என்று இன்று காலை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். பந்து நாலும் மண்ணில் புரண்டு நிறம் மாறிவிட்டன. குவளைகள் நசுங்கி, ஒன்றுக்குள் ஒன்று போக அடம் பிடிக்கின்றன. நடைவண்டியில் ஒருத்தன் மூத்திரம் போயிருக்கிறான். மரத்துண்டு அறுபதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பல் தடம் இல்லாதது ஒன்றுகூட இல்லை. எந்தக் கடைக்காரர் வாங்குவார் என்று பெரிய கிராணியே சனிக்கிழமை ரயிலேறிப் போய்க் கேட்டு வரட்டும். எனக்குக் கொட்டகையில் வேலை இருக்கிறது.