பேர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்

என் ஃபோனில் ஒரு ஜெபக் குழு இருக்கிறது. எங்கள் சபைப் பெண்கள் நூற்றுச் சொச்சம் பேர் அதில் உண்டு. நடத்துகிறவள் நான். காலை ஐந்தரைக்கு ஒரு வசனம் போடுவேன். போட்ட கையோடு ஜெபக் குறிப்புகள் வரத் தொடங்கும். ஒருத்திக்கு மருமகள் உண்டாக வேண்டும், ஒருத்திக்கு மகனுக்கு விசா வர வேண்டும், இன்னொருத்திக்கு முழங்கால் வலி தீர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே கும்பிட்ட கைகளின் படம் வரிசையாக விழும். கஷ்டம் பெரிதாக இருந்தால் கைகளும் அதிகம் விழும். அதை எண்ணிப் பார்க்கிற கெட்ட புத்தி எனக்கு இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், பக்கத்து மேஜைக்காரி தினமும் சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். சைவக் குடும்பம். திருநீறு இல்லாத நெற்றியோடு அவளை நான் பார்த்ததே கிடையாது. என்னைவிட எட்டு வயது இளையவள், அதனால் அக்கா என்பாள். பத்து வருஷமாக மத்தியானம் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். அவள் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதிக்கு நான் அடிமை. சாப்பிடுமுன் நான் கண்ணை மூடி ஜெபிப்பது வழக்கம். நான் ஆமென் சொல்லும்வரை அவள் சோற்றில் கை வைக்க மாட்டாள். ஒருநாள்கூட அவசரப்படுத்தியதில்லை.

அவள் மகளுக்குப் ப்ளஸ் டூ பரீட்சை தொடங்குவதற்கு முந்தின வாரம், டிபன் பாக்ஸைத் திறக்காமலே என்னைப் பழைய ஃபைல்கள் கிடக்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். மார்பில் ஒரு கட்டி இருக்கிறதாம். டாக்டர் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறாராம். ரிசல்ட் வர இரண்டு வாரம் ஆகுமாம். புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாது. முக்கியமாக மகளுக்குத் தெரியக் கூடாது. கடைசிப் பரீட்சை முடிகிறவரைக்கும் அந்தப் பிள்ளையின் காதில் ஒரு வார்த்தை விழுந்துவிடக் கூடாது என்றாள். சொல்லும்போது அவள் உதடு கோணியது.

"எக்கா, எங்க சாமிகிட்ட நான் சொல்லிட்டேன். உங்க சாமிகிட்ட நீங்க சொல்லுங்க. வேற ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

கட்டாயம் ஜெபிக்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

மறுநாள் காலை எழுந்திருக்கவே ஆறு மணி ஆகிவிட்டது. தண்ணீர் வரும் நாள் வேறு. ஒரு பக்கம் குடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் இட்லித்தட்டை இறக்கிக்கொண்டு, வசனத்தைப் போட்டேன். முந்தின இரண்டு நாளும் குழு சவசவவென்று கிடந்தது. கை துறுதுறுத்தது. பலர் சேர்ந்து ஜெபித்தால் பலம் அதிகம் என்று எங்கள் சபையில் சொல்வோம், அதைத்தானே செய்கிறேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பிறகு பட்டனை அழுத்திப் பேசினேன்.

"சேரன்மகாதேவியில இருந்து இங்கன வேலைக்கு வார ஒரு சகோதரி. மார்புல கட்டி, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காங்க. ப்ளஸ் டூ எழுதுத ஒரே மக, அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது. பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க. பேர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்."

ஒருமுறை போட்டுக் கேட்டேன். குரலில் உருக்கம் போதவில்லை என்று பட்டது. அழித்துவிட்டு, கொஞ்சம் தழுதழுக்கப் பேசி, திரும்பவும் பதிந்து அனுப்பினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றால் அந்த இரண்டாவது தடவைக்குத்தான் அடிக்க வேண்டும்.

அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் கைகள் குவிந்துவிட்டன. எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. அந்த ஐயரம்மாவே, பிறர் கஷ்டத்துக்காக நான் சுமக்கும் பாரத்தை மெச்சி ஒரு பதில் போட்டிருந்தார். மனது குளிர்ந்துபோயிற்று. சரி, நான் ஜெபித்தேனா? சாயங்காலம் வீட்டுக்குப் போய் முழங்கால் போடலாம் என்றிருந்தேன். சாயங்காலம் மாவு அரைக்க வேண்டியிருந்தது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த மறுநாள் வரவே இல்லை.

குழுவில் ஒரு கணக்கு டீச்சர் உண்டு. சேரன்மகாதேவியில் டியூஷன் எடுக்கிறவர். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. அவரிடம் படிக்கும் ப்ளஸ் டூ பிள்ளைகளில் அம்மா பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போகிற பிள்ளை ஒன்றே ஒன்றுதான். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள், மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, இவளை மட்டும் நிறுத்தி, தலையில் கை வைத்து, அம்மாவுக்கு அந்தக் கட்டி கெட்டதாக இருக்கக் கூடாது ஆண்டவரே என்று சத்தமாக ஜெபித்திருக்கிறார். டீச்சரிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. எங்கள் ஆட்களுக்கு அப்படிப் பழக்கம். கஷ்டம் என்று கேள்விப்பட்டால் போதும், தலையில் கை வைத்துவிடுவோம். அந்தத் தலைக்கு உரியவளுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று கேட்கத் தோன்றாது. என் பேச்சில் பிள்ளைக்குத் தெரியாது என்று ஒரு வரி இருந்ததை அவர் கவனித்தாரோ இல்லையோ, அந்த வரியைச் சொல்லும் அவசியத்தை உண்டாக்கியவள் நான்.

பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றதாம். மறுநாள் பரீட்சையில் கடைசி இரண்டு கேள்விகளை எழுதாமலே தாளைக் கொடுத்துவிட்டு வந்ததாம். கணக்கில் நூறு வாங்குவாள் என்று பள்ளிக்கூடமே நம்பியிருந்த பிள்ளை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தவள், பையைக்கூட வைக்காமல், தன் ஃபோனை என் மேஜைமேல் வைத்து அழுத்தினாள். என் குரல் வந்தது. தாயை ஆறுதல்படுத்துவதாக நினைத்து டீச்சரே அதை அனுப்பிவைத்திருக்கிறார், இத்தனை பேர் ஜெபிக்கிறோம் பாருங்கள் என்று. தழுதழுத்த இடம் உட்பட முழுசையும் நான் கேட்க வேண்டியிருந்தது.

"நல்லதுக்குத்தான்மா சொன்னேன். பேர் சொல்லலியே."

"ஆமாக்கா. பேர் மட்டுந்தான் சொல்லல."

அவ்வளவுதான். தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். மத்தியானம் அவள் தனியாகச் சாப்பிட்டாள். அடுத்த நாளும் அப்படியே.

ரிசல்ட் நல்லபடியாக வந்தது. சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை. அதுகூட எனக்கு அவள் சொல்லித் தெரியவில்லை. டீச்சர் குழுவில் போட்டுத்தான் தெரிந்தது. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று ஃபோன் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் எழுந்து நின்று, ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டார் என்று சாட்சி சொல்ல வேண்டும் என்றார் ஐயரம்மா. தொண்டை கட்டியிருக்கிறது என்று எழுதினேன். அதற்கு ஒருத்தி, எங்கள் அக்காவுக்கு எவ்வளவு தாழ்மை என்று பதில் போட்டாள். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மகளின் கடைசிப் பரீட்சையும் முடிந்த பிறகு, ஒரு மத்தியானம் அவள் டிபன் பாக்ஸோடு என் மேஜைக்கு வந்தாள். நான் பதறிப்போய், தப்பு செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். பிள்ளை இப்போது தேறிவிட்டாளாம். கிடைக்கிற காலேஜில் படிக்கட்டும் என்று இருக்கிறார்களாம். பாக்ஸைத் திறந்தாள். சொதி.

"கோவந்தான்க்கா, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரிசல்ட்டு வாங்கப் போன அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒக்காந்திருந்தப்போ ஒண்ணே ஒண்ணு நெனச்சேன். என்ன இருந்தாலும் நம்ம அக்கா தெனமும் மொழங்கால் போட்டிருப்பாவன்னு. அதுதான் தெம்பா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். "பண்ணுனிய இல்லாக்கா?"

இரண்டு வாரம். ஒரு தடவைகூட இல்லை. நூறு பேருக்குச் சொல்லியிருந்தேன், அவள் யாரிடம் சொல்லச் சொன்னாளோ அந்த ஆண்டவரிடம் மட்டும் சொல்லவில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் அவள் சொன்ன மாதிரி நானும் சொல்லியிருக்கலாம்.

"பண்ணுனேன்" என்றேன்.

தலையாட்டிக்கொண்டாள். என் சோற்றில் சொதியை ஊற்றினாள். பிறகு, பத்து வருஷமாகச் செய்கிற மாதிரியே, தன் சோற்றில் கை வைக்காமல் எனக்காகக் காத்திருந்தாள். நான் கண்ணை மூடினேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் மூடியே வைத்திருந்துவிட்டு, ஆமென் என்றேன்.