மகேஸ் அண்ணை ஏலத்தில் எடுத்த அட்டை

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் மகேஸ்வரனை, சுவிஸில் இந்தப் பாடன் ஊரில் உள்ள தமிழ்ச் சனத்தில் பாதிப் பேருக்கு 'லமினேற் மகேஸ்' என்று சொன்னால்தான் விளங்கும். என்னிலும் மூத்தவர் என்பதால் நான் முகத்துக்கு நேரே மகேஸ் அண்ணை என்பேன். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வேன் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் வீட்டுக் குசினியில், ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில், அதே மரியாதையோடு ஒரு லமினேற் மெசின் இருக்கிறது. கோயில் பூசை நேரங்கள், பிள்ளைகளின் சங்கீதச் சான்றிதழ், தேவாரத் தாள், கலியாண அழைப்பிதழ் என்று கையில் அகப்படும் எந்தக் கடதாசியையும் இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து உள்ளே தள்ளிவிடுவார். கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில், எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று தொங்கும் தாளைக்கூட ஒருநாள் கழற்றிக்கொண்டுபோய் லமினேற் பண்ணித் தொங்கவிட்டார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுவிஸ்காரர் வாயால் புகழ்ச்சி வாங்கிய ஒரே தமிழர் அவர்தான். அடுத்த மாதம் முறை மாறியபோது, அதில் பேனை பிடிக்கவில்லை என்று அதே சுவிஸ்காரர் ஏசினார். அதை மகேஸ் அண்ணை ஒருவருக்கும் சொல்லவில்லை. நான்தான் எல்லாருக்கும் சொன்னேன்.

இந்தப் பைத்தியம் அவருக்கு டாவோஸில் பிடித்தது. அகதியாக வந்த புதிதில் அங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். தங்கும் அனுமதித் தாள் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். நீராவியிலும் சவர்க்காரத் தண்ணீரிலும் ஊறி அது ஒருநாள் கூழாகிப் போய்விட்டது. அந்தக் கிழமையே ரயிலில் பொலிஸ் மறித்தது. எடுத்துக் கொடுக்க அவரிடம் இருந்தது அந்தக் கூழ்தான். அவர்கள் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஒரு அறையில் இருத்திவிட்டு, இந்த ஆள் யார் என்று பொழுதுபடும்வரை தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தயா, நான் அதிலைதான் இருக்கிறன். ஆனா நான் ஆர் எண்டு சொல்ல என்னட்டை ஒண்டும் இல்லை," என்று அந்தக் கதையை எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அதற்குப் பிறகு, அவருக்கு அருமையான எந்தக் கடதாசியும் பிளாஸ்டிக்குக்கு வெளியே இருந்ததில்லை. மனிதர் யாரையும் கட்டிப்பிடித்து நான் கண்டதில்லை. உங்களில் விருப்பம் என்றால் உங்களுடைய கடதாசி ஒன்றைக் கேட்டு வாங்கி லமினேற் பண்ணித் தருவார்.

பிருந்தன் அவருடைய ஒரே மகன், பாடனில் பிறந்தவன். பள்ளியில் கூடப் படித்த அமெரிக்கப் பொடியன் ஒருவனின் தகப்பன்தான் இவர்களுக்கு பேஸ்போல் பழக்கினார். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி ஒரு விளையாட்டு. துடுப்பு மட்டும் உலக்கை போல இருக்கும். விளையாட்டைவிட, ஆட்டக்காரர்களின் படம் போட்ட சின்னச் சின்ன அட்டைகளில்தான் பிருந்தனுக்கு உயிர். நூறு வருடம் பழைய அட்டைகளுக்கு ஏலம் நடக்கிறது என்பதையும், மூலை மழுங்காத ஒன்றுக்காகப் பணக்காரர்கள் அடிபடுகிறார்கள் என்பதையும் எனக்கு விளங்கப்படுத்தியவன் அவன்தான். எல்மர் டோட்சன் என்று அந்தக் காலத்து இடக்கைப் பந்துவீச்சாளர் ஒருவர். அவருடைய அட்டையின் படத்தை இன்டர்நெட்டில் எடுத்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தான்.

"உண்மையான டோட்சனை ஒருக்காவது கையிலை பிடிக்கோணும் மாமா," என்பான். சுவரில் இருந்த அந்தப் படத்தையும் தகப்பன் லமினேற் பண்ணிக் கொடுத்தார். அப்போது பொடியனுக்குச் சந்தோசம்.

பிறகுதான் எல்லாம் கோணலாகப் போனது. தான் வேலைசெய்யும் தொழிற்சாலையிலேயே மகன் மெக்கானிக் தொழில் பழகுவதற்கு மகேஸ் அண்ணை இடம் கேட்டு, நாலு பேரைப் பிடித்து, எல்லாம் சரிவந்த பிறகு ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அவனுக்குச் சொன்னார். சொன்னபடியே அவன் போனான். பழகி முடித்தான், நல்ல புள்ளிகளும் எடுத்தான். முடித்த கையோடு வேலையை விட்டுவிட்டு, லோசானுக்குப் பக்கத்தில் ரெனானுக்குப் போய், ஒரு கூட்டாளியோடு பழைய அட்டைகள் வாங்கி விற்கிற கடை போட்டான்.

அந்த மாதம் ஒரு சாமத்திய வீடு, தெரிந்தவர் ஒருவரின் மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா. மண்டபம் நிறையச் சனம். மகன் இப்போது என்ன செய்கிறார் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். மகேஸ் அண்ணை மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார்: "கடதாசி விக்கிறார்! நான் கோப்பை கழுவி ஆளாக்கினன், அவர் கடதாசி விக்கிறார்!" பிருந்தன் சாப்பாட்டுத் தட்டோடு அவருக்குப் பின்னால்தான் நின்றான்.

"எனக்கு என்ன வேணுமெண்டு ஒரு நாளாவது என்னட்டைக் கேட்டனீங்களோ அப்பா?" என்று கத்தினான். தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். அதோடு சரி. தாய் கஜா அக்காவோடு மட்டும் போனில் கதைப்பான். நாலு வருடமாக வீட்டுப் பக்கம் வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில், சூரிச்சில் ஒரு சின்ன ஏலக் கடை, செத்துப்போன ஒரு சுவிஸ் கிழவரின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டது. கிழவர் கனகாலம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். விளம்பரத்தில் மேசை, கதிரை, மணிக்கூடுகளுக்கு நடுவில் ஒரு பேஸ்போல் அட்டையின் படமும் இருந்தது. மகேஸ் அண்ணை அந்த முகத்தைக் கண்டவுடன் அடையாளம் பிடித்துவிட்டார். தன் கையால் லமினேற் பண்ணிய முகமல்லவா! செருப்பும் போடாமல் படியிறங்கி என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"தயா, இதை எடுத்துக் குடுத்தா அவன் வருவான்."

"அண்ணை, போன் அடிச்சு வா எண்டு கேட்டா அதுக்கும் வருவான்."

"அப்பிடிக் கேட்டா நான் செய்தது பிழை எண்டு ஆகும்."

"பிழைதானே?"

"உமக்கு இருக்கிறது பொம்பிளைப் பிள்ளையள். உமக்கு விளங்காது," என்றார். என்ன விளங்காது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் ஏலத்துக்கு நானும் கூடப் போனேன்.

கோட்டுப் போட்டு, திருநீறு பூசி, எண் எழுதிய பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். அவருக்குத் தெரிந்த ஏலம் எங்கள் கோயில் ஏலம் மட்டும்தான். பிள்ளையாருக்குப் படைத்த மாம்பழத்தைத் திருவிழாவில் ஏலம் விடுவார்கள். அங்கே போட்டிக்கு ஆளில்லாவிட்டாலும், கேட்டவரே தன் விலைக்கு மேல் இன்னும் கூட்டிக் கேட்பார். சாமி காரியத்தை மலிவாக எடுத்துக்கொண்டு போவது மரியாதையில்லை. சூரிச்சிலும் அண்ணை அதையே செய்தார். டோட்சன் வந்ததும் பலகையைத் தூக்கினார். வேறு யாரும் தூக்கவில்லை. உடனே அவரே இன்னொருமுறை தூக்கினார்.

ஏலம் விட்ட பெண் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "ஐயா, இப்போது கேட்டவரும் நீங்கள்தான்," என்றாள். மண்டபம் கொல்லென்று சிரித்தது. எனக்குக் கதிரைக்குக் கீழே புகுந்துவிடலாம் போல இருந்தது. அதற்குள் தொலைபேசியில் இருந்த ஒருவர், இந்த மனிதர் இவ்வளவு பறக்கிறாரே, அட்டையில் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். அவரும் கேட்கத் தொடங்கினார். விலை ஏறு ஏறென்று ஏறியது. கஜா அக்கா ஊருக்குப் போகவென்று சேர்த்த காசையும் தாண்டப்போகிறது என்று நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"என்ரை பிள்ளைக்கு எடுக்கிறன். மலிவு பாக்கிறதோ?"

தொலைபேசிக்காரர் விட்டுவிட்டார். சுத்தியல் விழுந்தது. மகேஸ் அண்ணை எழுந்து நின்று சபையைப் பார்த்துக் கைகூப்பினார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் அட்டையை ஒரு மெல்லிய உறைக்குள் வைத்துத் தந்தாள். "காற்று, ஈரம், விரல், மூன்றும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்," என்றாள். அண்ணை விளங்கிவிட்டது, விளங்கிவிட்டது என்று டொச் மொழியில் இரண்டு தரம் சொன்னார். பாடன் வரும்வரை ரயிலில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகு வளையாமல் இருந்தார். பிருந்தனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றும் மனிதர் இப்படித்தான் விறைத்துப்போய் இருந்தார் என்று கஜா அக்கா பிறகு சொன்னார்.

கஜா அக்கா போனில் சொன்னவுடன் பிருந்தன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டான். தகப்பனும் மகனும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்களோ என்ற பயத்தில் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆட்டிறைச்சிக் கறி வாசம் முதலாம் மாடியில் இருக்கும் என் வீடுவரை வந்தது.

பொடியன் தாடி வைத்திருந்தான். தாய் கட்டிப்பிடித்து அழுதார். அவன் தகப்பனைப் பார்த்து, "உண்மையான டோட்சனோ அப்பா?" என்று கேட்டான். நாலு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அதுதான். கையைக் கழுவினான், ஈரம் போகத் துடைத்தான், பையிலிருந்து மெல்லிய வெள்ளைக் கையுறைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு மேசையில் வந்து இருந்தான். கட்டிலுக்கு மேலே படம் ஒட்டிய அதே பொடியனின் கண் அது.

மகேஸ் அண்ணை சாமி அறைக்குள் போய் அட்டையை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டு அது பளபளவென்று மின்னியது. சுற்றிவர ஒரு விரல் அகலத்துக்குப் பிளாஸ்டிக் விட்டு, மூலைகளை வட்டமாக வெட்டி, வலு துப்புரவாக லமினேற் பண்ணியிருந்தார்.

பிருந்தன் அதைத் தூக்கினான். வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தான். கீழே வைத்துவிட்டுக் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பிறகு திடீரென்று முகம் சிவந்தது.

"இதை ஆர் இப்பிடி ஒட்டி உங்களுக்கு வித்தது? உங்களை ஏமாத்திப் போட்டாங்கள் அப்பா! வெளிநாட்டு ஆள், ஒண்டும் தெரியாது எண்டு தலையிலை கட்டிப் போட்டாங்கள். சூட்டிலை பசை உருகி அட்டைக்குள்ளை இறங்கியிருக்கு. உரிச்சா முகமும் பிளாஸ்டிக்கோடை வந்திடும். இது முடிஞ்சுது. நாளைக்கு நானே சூரிச்சுக்குப் போய் அவங்களோடை கதைக்கிறன். என்ரை அப்பாவை ஒருத்தரும் இப்பிடிச் செய்ய ஏலாது!"

என்ரை அப்பா என்றான். கஜா அக்கா முந்தானையால் வாயைப் பொத்தினார். பேசாமல் இரு அண்ணை, கடவுளே, இன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு இரு, பழியை அவர்கள் தலையில் போடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். மேசைக்குக் கீழால் காலையும் மிதித்தேன்.

அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"அவை நல்ல ஆக்கள் தம்பி. வெறுமையாத்தான் தந்தவை. நான்தான் செய்தனான்." அட்டையின் ஓரத்தை விரலால் தடவினார். "காத்து, ஈரம், விரல் படக்கூடாதெண்டு சொன்னவை. உனக்குத் தாற சாமான். பழுதாப் போகக்கூடாதெண்டுதான்... இனித் தண்ணியிலை விழுந்தாலும் ஒண்டும் செய்யாது."

பிருந்தன் கழற்றிய கையுறைகளை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாமே அப்பா," என்றான்.

அன்று சாமத்திய வீட்டில் இதையே கேட்டபோது கத்தினான். இப்போது கத்தவில்லை. களைத்துப்போனவன் மாதிரி மெதுவாகச் சொன்னான். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு சோற்றைப் பிசைந்து கொஞ்சம் சாப்பிட்டான், என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தான், ரயிலுக்கு நேரமாகிறது என்று எழும்பினான்.

கஜா அக்கா யாருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாலும் வெறும் ஐஸ்கிரீம் பெட்டியில்தான் கொடுப்பார். போனால் போகட்டும் என்று. அன்றைக்குக் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, மூடி போட்ட நல்ல பெட்டியை எடுத்துக் கறியைப் போட்டார். எனக்கு விளங்கியது. எங்கள் சனம் நல்ல பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் விடாது. வெறுமையாகவும் கொடுக்காது, ஒரு பிடி சீனியாவது போட்டுக்கொண்டுதான் வரும்.

"பெட்டி கவனம் தம்பி. கொண்டு வந்து தரோணும்," என்றார்.

அவன் தலையாட்டி வாங்கிக்கொண்டான். மகேஸ் அண்ணை சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் அட்டையோடு நின்று, "இதையும்..." என்று நீட்டினார்.

"நீங்களே வைச்சிருங்கோ அப்பா," என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கஜா அக்கா இறைச்சி வாங்கினார், ஒரு கரண்டி அரிசி கூடப் போட்டார். அண்ணை குசினி ஜன்னலில் நின்று ரயில் நிலையப் பக்கம் பார்ப்பார். லமினேற் மெசினைக் கேட்டு இப்போது வருபவர்கள் குறைவு. கேட்டாலும் பழுது என்கிறார். அது பழுதில்லை.

மார்கழி தொடங்கியபோது தபால்காரர் ஒரு பார்சல் கொண்டுவந்தார். ரெனானிலிருந்து. படியில் நின்ற நான்தான் வாங்கி மேலே கொண்டுபோனேன். உடையும் சாமான்களை அனுப்பிப் பழகிய கை. மூன்று சுற்றுச் சுற்றி, மூலைக்கு மூலை பஞ்சு வைத்துக் கட்டியிருந்தான். கஜா அக்கா கத்தரிக்கோலால் மெதுவாக வெட்டிப் பெட்டியை எடுத்தார். கழுவி, துடைத்து, மினுங்கியது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். கையை விட்டு மூலையெல்லாம் தடவினார். சுற்றியிருந்த கடதாசியை உதறிப் பார்த்தார். ஒரு பிடி சீனிகூட இல்லை.

"என்ன, உடையாமல் வந்ததோ?" என்று உள்ளேயிருந்து மகேஸ் அண்ணை கேட்டார்.

"ஓம்," என்றார் கஜா அக்கா. "ஒண்டும் ஆகேல்லை."